பின்னால் ஒரு சுவர்: ட்ரெய்லர் இழுக்கும் பிக்கப்பில் மைலேஜ் விழுந்தால் எங்கே தேடுவது?

தேனி மாவட்டத்துக் கூடலூரில், குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் போவதற்கு முன்னால் வண்டிக்காரர்கள் நிறுத்தும் டீக்கடை ஒன்று உண்டு. என் டபுள் கேப் பிக்கப்பும் அதன் பின்னால் வெள்ளைத் தங்கும் ட்ரெய்லரும் அதன் வாசலில் நின்றன. தனியாக ஓடும்போது லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தந்த வண்டி ட்ரெய்லரை மாட்டியதும் ஆறுக்கு வந்துவிட்டது என்று கடைக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரி டிரைவர், ட்ரெய்லரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஏன் தம்பி வண்டியக் குறை சொல்ற? பின்னாடி ஒரு செவத்தக் கட்டி இழுத்துட்டுப் போற. அது என்ன செய்யும்?”

“எடை கம்மிதாண்ணே. 1,200 கிலோதான்.”

“எடைய விடு. செங்கல் ஏத்தினா மேட்டுலதான் டீசல் குடிக்கும். வைக்கோல் ஏத்தினா சமதரையிலயே குடிக்கும். உன்னோடது வைக்கோல் லோடு.”

அன்றைக்கு அவர் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். அதற்குள் ஒரு பட்டறையில் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் சுத்தம் என்று நன்றாகவே செலவழித்திருந்தேன். மைலேஜ் அசையவில்லை. பிறகு நோட்டுப் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் அவர் சொன்னதுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. சின்னக் காரணம் ஒன்று இடது சக்கரத்தில் ஒளிந்திருந்தது. நான் தேடிய வரிசையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். கேரவன் வகை ட்ரெய்லரை மனதில் வைத்து எழுதினாலும், கடை ட்ரெய்லர், குதிரை ட்ரெய்லர், உயரமாக லோடு கட்டும் பிக்கப் எல்லாவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எவ்வளவு குறைந்தால் அது கோளாறு?

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். பெட்டி மாதிரி உயரமான ட்ரெய்லரை இழுத்தால் மைலேஜ் பாதியாவது இயல்பு. கேரவன் கலாசாரம் ஊறிப்போன அமெரிக்காவிலேயே, தனியாக ஓடும்போது லிட்டருக்கு எட்டு, எட்டரை கிலோமீட்டர் தரும் பெட்ரோல் பிக்கப், பெரிய ட்ரெய்லரை மாட்டியதும் நாலு நாலரைக்கு வந்துவிடும். அங்கே அதை யாரும் பழுது என்று எடுத்துக்கொண்டு போவதில்லை.

நம் பக்கம் டீசல் பிக்கப், ட்ரெய்லரும் சிறியது, வேகமும் குறைவு. எனவே தனியாக 13 தரும் வண்டி, ட்ரெய்லரோடு சமதரையில் 60-ல் போனால் பத்தை ஒட்டியும், 80-ல் போனால் ஏழு எட்டுமாகத் தந்தால் அது சரியான கணக்கு. அதற்குக் கீழே போனால்தான் தேட வேண்டும். எனக்கு வந்த ஆறில் ஏழெட்டு வரைக்குமான குறை காற்றுடையது. மீதி வேறெதோ.

முதல் வேலை: ஒழுங்காக அளப்பது

டேஷ்போர்டில் தெரியும் மைலேஜ் எண்ணை நம்பித் தேட ஆரம்பிக்காதீர்கள். டேங்க் நிரப்பி அளப்பதே நம்பிக்கையானது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்பு, வண்டி சமமாக நிற்க வேண்டும். நாசில் தானாக நிற்கும் முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்திவிடுங்கள். “ரவுண்டா போட்டுடலாம் சார்” என்று பையன் இன்னும் கொஞ்சம் விடுவான். அந்த ரவுண்டுதான் கணக்கைக் கெடுக்கும். ஓடோமீட்டர் எண், லிட்டர், ட்ரெய்லர் உண்டா இல்லையா, காற்று எப்படி, எந்த வழி என்று ஐந்து விஷயத்தை ஒரு பாக்கெட் நோட்டில் எழுதினால் போதும்.

எங்கள் பக்கத்து டிரைவர்கள் மைலேஜில் சொல்லும் பெருமைகளில் பாதி, ஒரு வழிக் கணக்கு. கம்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 390 மீட்டர். குமுளி சுமார் 880. இறங்கி வருகிறவர் “குமுளியிலிருந்து தேனிக்கு 16 தந்துச்சு” என்பார். ஏறும்போது எவ்வளவு என்று கேட்டால் பேச்சு மாறும். போய்த் திரும்பி அதே பங்க்கில் நிரப்பினால்தான் கணக்கு கணக்காகும்.

இன்னொரு பொறி, டயர். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓடோமீட்டர் குறைவாகக் காட்டும். டயரின் சுற்றளவு 5 சதவீதம் கூடினால், 100 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும்போது உண்மையில் 105 ஓடியிருப்பீர்கள். மைலேஜ் குறைந்ததாகத் தோன்றுவதில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம். ஸ்பீடோமீட்டரும் அதே அளவுக்குப் பொய் சொல்லும் என்பதால் நினைத்ததைவிட வேகமாகவும் போய்க்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது: ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்

இதை யாருமே செய்வதில்லை. நானும் செய்யவில்லை, செய்திருந்தால் பட்டறைச் செலவு மிஞ்சியிருக்கும்.

ட்ரெய்லர் இல்லாமல் ஒரு டேங்க் ஓட்டுங்கள். பழைய மைலேஜ் வருகிறதா? வந்தால் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, பட்டறைக்குப் போகாதீர்கள்; கோளாறு ட்ரெய்லரிலோ உங்கள் வலது காலிலோ இருக்கிறது. தனியாகவும் குறைந்திருந்தால் மட்டும் எஞ்சின் பக்கம் போக வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாவது: காற்று

இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் பணம் போகும் வழி இது.

சமதரையில் சீரான வேகத்தில் போகும் வண்டியை இரண்டு விஷயங்கள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர் உருளும்போது வரும் தடை. இது எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் அவ்வளவாக மாறாது. இரண்டாவது, காற்றின் தடை. இது எடையைச் சட்டை செய்யாது. முகப்பின் பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அதாவது வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு.

என் ட்ரெய்லரின் அகலம் 2 மீட்டர், தரையிலிருந்து உயரம் இரண்டரை. முகப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர். பிக்கப்பின் முகப்பு மூன்றுக்குள் அடங்கிவிடும். மீதிச் சுவர் கேபினுக்கு மேலேயும் பக்கங்களிலும் நீட்டிக்கொண்டு காற்றை நேராக வாங்குகிறது. உத்தேசமாகக் கணக்குப் போட்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மட்டும் பின்னுக்கு இழுப்பது 80 கிலோ எடையைத் தூக்கும் விசைக்குச் சமம். 60-ல் அது 45 கிலோவாகக் குறைகிறது. வேகத்தை இருபது குறைத்ததில் 35 கிலோ மிச்சம்.

இப்போது எடையைப் பாருங்கள். ட்ரெய்லரில் இருந்து 300 கிலோ சாமானை இறக்கிவிட்டால் சமதரையில் மிச்சமாகும் இழுவிசை மூன்று நான்கு கிலோ. அவ்வளவுதான். பாத்திரம், கட்டில், ஸ்டெப்னி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப்போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்கிறவர்கள் எல்லாரும் வைக்கோல் லோடில் செங்கலைத் தேடியவர்கள்.

எங்கள் பள்ளத்தாக்கில் இதில் இன்னொரு வினை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி நுழையும் கணவாய்களில் கம்பம் கணவாயும் ஒன்று. அரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு போல இந்தப் பக்கமும் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ட்ரெய்லர் எம்மாத்திரம். ஆனி, ஆடியில் தேனியிலிருந்து கம்பம் நோக்கிப் போவது காற்றின் முகத்திலேயே போவது. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், நீங்கள் 60-ல் போனாலும் ட்ரெய்லருக்கு அது 80. நீங்கள் 80-ல் போனால் அதற்கு 100. திரும்பி வரும்போது காற்று தள்ளிவிடும்தான். ஆனால் வர்க்கக் கணக்கு என்பதால், போகும்போது இழந்தது முழுக்கத் திரும்பி வராது. காற்று மாதங்களில் விடிவதற்கு முன் கிளம்பி, எட்டு ஒன்பது மணிக்குள் மலையடிவாரத்தைச் சேர்ந்துவிடுகிறேன். காலையில் காற்று அடங்கியிருக்கும்.

புறவழிச்சாலைகள் வந்த பிறகு சோதனையும் கூடிவிட்டது. முன்பு சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊருக்குள் நுழைந்து ஊர்ந்து போக வேண்டும். மெதுவாகப் போனதால் காற்று தொந்தரவு செய்யவில்லை. இப்போது பாதை காலியாக விரிந்து கிடக்கிறது. கால் தானாக 90-க்கு அழுத்துகிறது.

அதனால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். காற்றில்லாத அதிகாலையில், தேனியிலிருந்து கம்பம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஒரு நாள் 80-ல் போய் வாருங்கள். இன்னொரு நாள் 60-65-ல். இரண்டு முறையும் அதே பங்க். ஒரு தடவைக்கு எட்டு பத்து லிட்டர்தான் செலவாகும் என்பதால், நிரப்புவதில் அரை லிட்டர் பிசகினாலும் கணக்கு ஐந்து சதவீதம் ஆடும். அதற்காக ஒவ்வொரு வேகத்தையும் இரண்டு முறை ஓட்டுவது நல்லது. எனக்கு வந்த வித்தியாசம் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல். நேரம்? ஒரு வழிக்குப் பத்து நிமிடம் கூடுதல்.

வேகத்தைக் குறைத்தபின் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள்: ட்ரெய்லரின் ஜன்னல், கூரை மூடிகளைச் சாத்துவது, சன்ஷேடு துணியை இறுக்கிக் கட்டுவது, கூரைமேல் சைக்கிளோ நாற்காலியோ கட்டியிருந்தால் உள்ளே போடுவது, ஊன்றுகால்களை முழுக்க மேலே ஏற்றுவது. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே போகும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படபடப்பு முழுவதும் டீசல்தான்.

கேபின் மேல் லாரிகளுக்கு வைக்கிற மாதிரி காற்றுத் தடுப்பு வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ட்ரெய்லர் கேபினைவிட நன்றாக உயர்ந்திருந்து, சாய்வும் சரியாக இருந்தால் கொஞ்சம் உதவும். கண்ணளவில் வெல்டிங் பட்டறையில் அடித்த தகடு, தனியாக ஓட்டும் நாட்களில் மைலேஜைத் தின்னும். நான் வைக்கவில்லை. பிக்கப்புக்கும் ட்ரெய்லருக்கும் இடையே உள்ள இடைவெளி தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் அதில் காற்று சுழலும். ஆனால் அதைக் குறைக்கிறேன் என்று ட்ரெய்லரின் இழுவைக் கம்பியை வெட்டினால் கொண்டை ஊசி வளைவில் மூலை இடிக்கும். கைவைக்காதீர்கள்.

நான்காவது: ஹப்பைத் தொட்டுப் பாருங்கள்

என் இடது சக்கரம் சிக்கியது இங்கேதான். உத்தமபாளையம் தாண்டி ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தி இறங்கியபோது லேசாக ஒரு கருகல் வாடை. கிளட்ச் என்று நினைத்தேன். ட்ரெய்லரைச் சுற்றி வந்தபோது இடது சக்கரத்துப் பக்கம் வாடை தூக்கலாக இருந்தது. புறங்கையைச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்கு அருகில் கொண்டுபோனேன், அனல் அடித்தது. பாட்டிலில் இருந்து நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். தோசைக்கல்லில் விழுந்த மாதிரி சுர்ரென்று ஆவியானது. வலது ஹப்பில் கையை வைத்து எண்ணிக்கொண்டே நிற்க முடிந்தது.

காரணம் நானே வைத்துக்கொண்டது. மழைக்காலத்தில் மூன்று வாரம் தேக்கடிப் பக்கம் ஈரத்தில் ட்ரெய்லரை நிறுத்தியிருந்தேன், ஹேண்ட் பிரேக் போட்டு. கேபிள் உள்ளே துருவேறி, விடுவித்தாலும் முழுதாகப் பின்னால் போகவில்லை. பிரேக் லைனர் டிரம்மை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. எத்தனை நூறு கிலோமீட்டர் அப்படி ஓட்டினேனோ தெரியாது. கேபிள், லைனர் இரண்டையும் மாற்றியதும், 80 வேகத்தில் ஆறாக இருந்தது ஏழரைக்கு ஏறியது. அதிலிருந்து ட்ரெய்லரை நீண்ட நாள் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறேன், ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அரை மணி நேரமாவது ஓட்டியபின், பிரேக் அதிகம் பிடிக்காத பாதையில் மெதுவாக நிறுத்துங்கள். எல்லாச் சக்கரங்களின் ஹப்பையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். முதலில் புறங்கையைப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோங்கள், எடுத்தவுடன் தொட்டுக் கொப்புளம் வாங்க வேண்டாம். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் பிரேக் உரசுகிறது, அல்லது பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது. மலை இறங்கி வந்தவுடன் இதைப் பார்க்காதீர்கள், அப்போது எல்லாமே சுடும்.

வீட்டில் செய்யும் சோதனை இன்னும் எளிது. சமமான சிமெண்ட் தரையில் ட்ரெய்லரை நிறுத்தி, முன்சக்கரத்தில் தாங்கவிட்டு, கட்டைகளை எடுத்துவிட்டு இரண்டு பேர் தள்ளுங்கள். ஆயிரம், ஆயிரத்து இருநூறு கிலோ ட்ரெய்லர் உருள ஆரம்பித்தபின் 15 கிலோ அளவு விசைக்கே உருண்டுகொண்டிருக்க வேண்டும். இரண்டு பேர் முக்கியும் நகரவில்லை என்றால் ஏதோ பிடிக்கிறது. பிறகு ஒவ்வொரு பக்கமாக ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். லேசான உரசல் சத்தம் பரவாயில்லை. கரகரவென்றால் பேரிங். சுற்றிவிட்டதும் அரைச் சுற்றில் நின்றால் பிரேக்.

ஆக்சில் நேராக இருக்கிறதா என்பதையும் இதே சமயம் பார்த்துவிடலாம். மெஷரிங் டேப்பை இழுவைக் கொக்கியின் நடுவில் பிடித்து, ஆக்சிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் என்றாலே ட்ரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுபட்டு, டயர் ரம்பம்போலத் தேயும். பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்திருக்கும்.

ஐந்தாவது: டயர் காற்று

சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். பிக்கப்பின் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் லோடு இல்லாதபோது, லோடு இருக்கும்போது என்று இரண்டு அளவு இருக்கும். ட்ரெய்லர் மாட்டினால் பின் டயருக்கு இரண்டாவது அளவு. ட்ரெய்லர் டயருக்கு அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. நைட்ரஜன் நிரப்பினால் மைலேஜ் கூடும் என்பது வியாபாரம். சாதாரணக் காற்றிலேயே ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான்.

ஆறாவது: எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது

சமதரையில் எடைக்கு அவ்வளவு செலவில்லை என்றேன். அது உட்காரும் இடம் வேறு விஷயம். கொக்கியின் மேல் விழும் எடை, ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 1,200 கிலோவுக்கு 120. பிக்கப்பும் அதில் ட்ரெய்லரைப் பூட்டும் ஹிட்ச்சும் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மிகவும் குறைந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டும், ஒவ்வொரு ஆட்டத்தையும் டயர் உரசித்தான் அடக்கும். ஆபத்தும்கூட. மிகவும் கூடினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஹெட்லைட் மரத்து உச்சியைக் காட்டும். ட்ரெய்லர் தரைக்குச் சமமாக, அல்லது மூக்கு ஒரு விரற்கடை தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் காற்று அடியில் புகுந்துகொள்ளும்.

ஒரு தடவை எடை மேடையில் ஏற்றிவிடுங்கள். முழு வண்டி ஒரு முறை, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டுப் பிக்கப் மட்டும் ஒரு முறை. “கொஞ்சம் சாமான்தான்” என்று சொல்கிறவர்களுக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் பேச்சு வராது.

ஏழாவது: மலை

லோயர் கேம்ப்பில் மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரிய ஆரம்பித்ததும் கணக்கு தலைகீழாகிறது. இப்போது நீங்கள் செங்கல் லோடு. வேகம் முப்பதுக்குக் கீழே வந்துவிடுவதால் காற்று ஒரு பொருட்டே இல்லை, எடைதான் எல்லாம்.

கணக்கு சொல்கிறேன். கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏற்றம் சுமார் 500 மீட்டர். 1,200 கிலோ ட்ரெய்லரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஆகும் டீசல் ஏறக்குறைய அரை லிட்டர். பிக்கப்பையும் சேர்த்தால் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ட்ரெய்லர் டேங்கில் 200 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதைத் தூக்கிச் செல்ல 80 மில்லி. ஒரு கிளாஸ் டீ அளவு. மேலே போய்த் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்டால், நிரப்பலாம். ஆனால் அதற்காகக் குழாயைத் தேடி இரண்டு கிலோமீட்டர் சுற்றினால் நஷ்டம்.

அதனால் மலையில் மைலேஜ் நாலு ஐந்து என்று காட்டினால் பதற வேண்டாம், பௌதிகம் தன் கூலியை வாங்குகிறது. நம் கையில் இருப்பது ஓட்டும் விதம் மட்டும். ஆறேழு கிலோமீட்டர் மலைப்பாதையில் இரைச்சல் பாலம், மாதா கோவில் வளைவு போன்ற இடங்களில் எதிரே பஸ் வந்தால் நின்றே ஆக வேண்டும். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் மூன்று டன்னுக்கு மேல் எடையைப் பூஜ்யத்திலிருந்து நகர்த்துகிறீர்கள், கிளட்ச் வேகிறது. முன்னால் போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, நிற்காமல் ஊர்ந்துகொண்டே போவது நல்லது. வளைவுக்குள் நுழைந்தபின் கியர் குறைக்காதீர்கள். நுழைவதற்கு முன்னாலேயே குறைத்துவிடுங்கள்.

எந்த கியர்? டீசல் எஞ்சினில் பொதுவாக உயர்ந்த கியரில் குறைந்த ஆர்பிஎம் சிக்கனம்தான். ஆனால் அதற்கு எல்லை உண்டு. வேகத்தைத் தக்கவைக்கவே ஆக்சிலேட்டரை முக்கால் பங்குக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தால், வண்டி உறுமாமல் முக்கினால், ஒரு கியர் கீழே வாருங்கள். சமதரையில் ட்ரெய்லரோடு 60-ல் ஆறாவது கியர் போடுவது என் வண்டியில் அப்படித்தான் முக்கும், ஐந்தில் விட்டுவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் என்றால், கியர் மேலும் கீழுமாகத் தாவிக்கொண்டே இருப்பதை விடாதீர்கள். கையால் ஒரு கியரில் நிறுத்திவையுங்கள். அந்தத் தாவலில் டீசலும் போகும், கியர்பாக்ஸ் ஆயிலும் கொதிக்கும்.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு இறங்குவது எங்கள் ஊரில் ஒரு வியாதி. மிச்சம் என்று நினைக்கிறார்கள். இன்றைய காமன் ரெயில் டீசல் எஞ்சின், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசலை நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரல் போட்டால் எஞ்சின் தானாக ஓட வேண்டும், அதற்கு டீசல் ஊற்றும். ஆக நியூட்ரலில் செலவுதான் கூடும். பின்னால் ட்ரெய்லரும் தள்ளிக்கொண்டு வரும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் டீசலைப் பற்றிக் கவலைப்பட ஆளிருக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சபரிமலை சீசனில் ஒருவழிப் பாதை அமலாகும். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டு, திரும்பும்போது குமுளி வழியாக இறக்குவார்கள். கம்பம்மெட்டில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம், வண்டிகளும் வரிசை கட்டும். அந்த மாதக் கணக்கை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், மற்றவற்றோடு ஒப்பிடாதீர்கள்.

கடைசியாக, எஞ்சின்

ட்ரெய்லர் இல்லாமலும் மைலேஜ் விழுந்திருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். ஏலத்தோட்ட மண் சாலைகளில் ஓடும் வண்டிக்கு சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்னாலேயே அடைத்துவிடும். அடுத்தது எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். கிளிப் தளர்ந்தாலோ அடிப்பக்கம் கீறியிருந்தாலோ ஏற்றத்தில் விசில் சத்தம் வரும், வண்டி இழுக்காது, சில வண்டியில் கரும்புகையும் வரும். ஹோஸைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் பிக்கப்பின் சொந்த பிரேக், வீல் அலைன்மென்ட்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர் பெரும்பாலும் இருக்கும். ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டி ஓட்டமாக ஓடினால் கரி சேர்ந்து, அதை எரிக்க வண்டி அடிக்கடி கூடுதல் டீசலைச் செலவழிக்கும். ட்ரெய்லர் இழுத்து நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சைலன்சர் சூட்டிலேயே கரி எரிந்துவிடும்.

டேங்கில் ஊற்றும் மருந்துப் பாட்டில், டீசல் குழாயில் மாட்டும் காந்தம் இவற்றுக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசுக்குப் பிரஷர் கேஜ் வாங்கலாம். டீசலைப் பொறுத்தவரை ஒரு சின்னச் சிக்கனம் எங்கள் எல்லையில் எல்லாரும் செய்வதுதான்: கேரளம் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்டிருக்கிறது, அங்கே விலை கூடுதல். கம்பத்திலோ கூடலூரிலோ டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறினால் வாகமண், தேக்கடி போய்த் திரும்பும் வரை கவலையில்லை. முழு டேங்க்கின் எடையையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டுமே என்று என் மைத்துனர் கேட்டார். 50 லிட்டர் டீசல் 42 கிலோ. அதை மலையேற்ற ஆகும் செலவு 20 மில்லிக்குக் கீழே. வாயை மூடிக்கொண்டார்.

இப்போது என் நோட்டில் நிற்கும் எண்கள்: காற்றில்லாத காலையில், சமதரையில், 62-65 வேகத்தில் ஒன்பதரை. ஆடியில் எட்டு. குமுளி ஏறி இறங்கி, தேனியில் நிரப்பினால் எட்டரை. சென்ற மாதம் காற்றே இல்லாத நாளில் ஏழே முக்கால் வந்தது. வண்டியை ஓரங்கட்டி, முதலில் இடது ஹப்புக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனேன். அது ஆறித்தான் இருந்தது. வலது சுட்டது.